பார்வோனின் குதிரை

பொறையாறு தாண்டி, வீரசோழன் இளைத்துப்போகும் கடைமடையில்
ஜூன் மாதம் முழுக்க
காய்ந்த வாய்க்கால்தான் எங்கள் பாலர் வகுப்பு.
கட்டடம் இல்லாமல் இல்லை.
கோவிலுக்குப் பின்னால், ஃபேனோடு இருக்கிறது.
அதில் பதினெட்டு ஜோடிச் செருப்புகள்
ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன.

பூவரசு நிழல் நகர நாங்களும் நகர்வோம்,
பத்து மணிக்கு மதகடி,
பதினொன்றுக்கு நுணா மரத்தடி.
கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னால்
பாதிப் பேர் விரலிடுக்கில் ஓணானைப் பார்க்கிறார்கள்.
நானும் பார்த்தேன்.
ஆமென் வரைக்கும் அது தலையாட்டிக்கொண்டிருந்தது.

"மண்ணுல புரள்றதுக்கா மாசம் முந்நூறு?"
சபைக் கமிட்டியில் ஒருவர் கேட்டார்.
அன்று காலையில்தான் எப்சிபா
நத்தை ஓடுகளை எண்ணிக்கொண்டே போய்
ஒன்பதுக்கு அடுத்து என்னவென்று
யாரும் சொல்லாமல் கண்டுபிடித்திருந்தாள்.
அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரத்துப் பாடம் செங்கடல்.
கடல் நடுவே ஈரமில்லாத தரைக்கு
இதைவிடத் தோதான இடம் எங்கே?
நொச்சிக் குச்சியோடு இன்பராஜ் மோசே.
கபிலேஷ் பார்வோன்,
அவனிடம்தான் குதிரை இருந்தது:
ஒரு தென்னை மட்டை,
அடிப்பக்கம் கரியால் இரண்டு கண்.
இஸ்ரவேலர் கரையேறியதும்
"தண்ணி!" என்று நான் கத்த வேண்டும்,
அவன் விழ வேண்டும்.
திங்கள் விழுந்தான். செவ்வாயும் விழுந்தான்.
புதன்கிழமை நின்றுகொண்டே கேட்டான்:
"நான் கெட்டவன், சரி மிஸ்.
குதிரை என்ன பண்ணுச்சு?"

கரையிலிருந்து பதினேழு முகங்கள்
என்னைப் பார்த்தன.
அன்று இரவு வேதத்தைப் புரட்டினேன்.
தேர்களுக்கு எண்ணிக்கை இருந்தது.
குதிரைகளைப் பற்றி
யாரும் யாரிடமும் கேட்டதாக இல்லை.

வியாழன். ஆயா ஞானசுந்தரி
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.
"ஏத்துங்க டீச்சர் புள்ளைங்கள!
மேட்டூர்த் தண்ணி கீழப்பாலம் தாண்டிருச்சு."

மதிலாக நிற்கவில்லை அது.
சுருட்டி வைத்த பாயைக் காலால் தள்ளி விரித்த மாதிரி
மெல்ல வந்தது.
முன்னால் நுரை, சருகு, எறும்புகள்,
யாருடையதோ இடதுகால் செருப்பு.
பக்கத்திலேயே இரண்டு கொக்குகள்,
கங்காணிகளைப் போல.
நேற்று மணலில் எழுதிய அ முதலில் போனது.
ஆவின் சுழியில் கொஞ்சம் தயங்கி, நிறைந்து,
பிறகு இ.

டப்பாவில் பதினெட்டுப் புளியங்கொட்டை.
கரையில் பதினேழு பிள்ளைகள்.

கணுக்கால் நனைய அவன் நடுவில் நின்றான்.
நான் சறுக்கி இறங்கி, முழங்கால் சேறாகி,
தோளைப் பிடித்தபோது
அவன் அழவில்லை, விழவும் இல்லை.
குனிந்து மட்டையைத் தண்ணீரில் விட்டான்.
அது ஒருமுறை சுற்றியது.
கண்கள் கிழக்கே திரும்பின.

"நீந்துது மிஸ்!"

கரைமேல் இஸ்ரவேல் முழுவதும்
பார்வோனின் குதிரைக்காகக் கத்திக்கொண்டு ஓடியது.
மோசே குச்சியைப் போட்டுவிட்டு
எல்லோருக்கும் முன்னால் ஓடினான்.
மதகுக்குள் நுழைந்து காணாமல் போய்,
நாங்கள் மூச்சை விடுவதற்குள்
அந்தப் பக்கம் வந்தது.

வருகைப் பதிவேட்டில்
வகுப்பு நடந்த இடம்: வாய்க்கால்
என்பதை அடித்துவிட்டு, கரை என்று எழுதினேன்.

மறுநாள் கபிலேஷுக்குச் சளி.
அவன் அம்மா வந்து சத்தம் போட்டாள்,
போட வேண்டியதுதான், கேட்டுக்கொண்டேன்.
வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.
"அது கடலுக்குப் போயிருக்குமா டீச்சர்?
ராத்திரி பூரா தூங்க விடல."
இன்னும் மூணு மதகு இருக்கு என்றேன்.
மூன்றும் திறந்திருக்கிறதா என்று
எனக்கும் தெரியாது.