செல்லாத ஐந்து

பட்டர்வொர்த் விடுதியின் மூன்றாம் மாடி.
சுவர் நெடுக வெள்ளைத் தாள்.
தாளில் பதினேழு நோய்கள்,
வேலைக்கு நேர்காணல் வந்தவர்கள் போல
வரிசையாக, தலைவாரி.

ஆளுக்கு ஐந்து சிவப்புப் பொட்டு.
ஒட்டுங்கள் என்றார் டாக்டர் நோராய்னி.
எது அதிகம் பொட்டு வாங்குகிறதோ
அதற்குத்தான் அடுத்த ஐந்தாண்டு ஆராய்ச்சிப் பணம்.

நான் ஆய்வுக்கூடத்துக்காரி.
கோழியின் மூச்சுக்குழலைக் கத்தரித்துக் கத்தரித்துக்
கட்டைவிரல் காய்த்துப்போனவள்.
விடிவதற்குள் வாசற்கம்பியில்
பெயரில்லாமல் தொங்கவிட்டுப் போகும் சாக்குகளைத்
தூக்கிப் பார்த்தே சொல்வேன்:
இது வெள்ளைக்கழிச்சல்,
இது வெறும் வெயில்.

வால்டோர் முட்டைப்பண்ணை ஊய் சியூ ஹோக்
ஐந்தையும் பறவைக் காய்ச்சலுக்கே வைத்தார்.
ஒரு தும்மலில் எண்பதாயிரம் போகும் என்றார்.
சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்,
கோழிகள் அடுத்த அறையில் இருப்பதுபோல.
பன்றிக்காரர்கள் பன்றிக் காய்ச்சலுக்கு.
பல்கலைக்கழகத்தார், எந்த நோய்க்கு
எந்திரம் ஏற்கெனவே வாங்கியாயிற்றோ அதற்கு.
நானும்தான், மறைப்பானேன்?
நாலு பொட்டு,
புதுக் குளிர்பெட்டி வாங்கித்தரக்கூடிய நோய்களின் மேல்.

முன்னுரிமை என்கிறோம்.
ஒன்றைப் பின்னால் நிறுத்தும் உரிமை
அந்தச் சொல்லுக்குள்ளேயே குந்தியிருக்கிறது.

மதியம் கோழிப் பிரட்டல். எல்லாரும் சாப்பிட்டோம்.

புக்கிட் தெங்காவிலிருந்து பூங்காவனம் வந்திருந்தார்.
பதினான்கு மாடு, ரயில் தண்டவாள ஓரம்.
அழைப்புப் பட்டியலில் "சிறு உற்பத்தியாளர், ஒருவர்".
தாளில் இருந்த மலாயை விரல் வைத்துப் படித்தார்,
மேலிருந்து கீழ்வரை, அவசரமில்லாமல்.
பிறகு குனிந்து
பதினேழாவதற்கும் கீழே, தாள் முடிந்த இடத்தில்,
வெறும் சுவரில்
ஐந்தையும் ஒட்டினார்.

"என்ன நோய்ம்மா அது?"
"பேரு தெரியாதுங்க. மழை புடிச்ச மூணாம் நாளு
கன்னுக்குட்டி நிக்குது, நிக்குது, அப்புறம் உக்காந்துருது.
வயிறு போகல. காய்ச்சல் இல்ல.
கண்ணு மட்டும் நம்மள விட்டுட்டு
வேற எங்கயோ பாக்குது.
வருசத்துக்கு ரெண்டு."

வருசத்துக்கு ரெண்டு.
ஏற்றுமதிக் கட்டத்தில் ஒன்றுமில்லை.
மனிதருக்குத் தொற்றுமா, கேள்விக்குறி.
இழப்பை மில்லியன் வெள்ளியில் எழுதச் சொன்ன கட்டத்தில்
இரண்டு கன்றை எழுத
புள்ளிக்குப் பின் இரண்டு பூஜ்யம் போடவேண்டியிருந்தது.

எண்ணும் வேலை எனக்கு.
நகத்தால் உரித்தேன்.
சுவர்ச்சாயமும் கூடவே வந்தது.
அறிக்கையில் எழுதினேன்: செல்லாதவை, ஐந்து.
என் ஐந்தாவது பொட்டு கைப்பையில் கிடந்தது.
அதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

அக்டோபர். பிறை ஆறு கரைக்கு மேல் வந்து
திரும்பிப் போன வாரம்.
சோறு கொண்டுவரும் மோட்டார்சைக்கிள் பையன்
ஐஸ்கட்டி நடுவே ஒரு குப்பி இரத்தம் கொடுத்துவிட்டு
"ஆன்ட்டி, இதுக்கு ரேட்டிங் போடாதீங்க" என்று போனான்.

கோப்பு எண் இல்லை.
எண் இல்லாததற்குக் கட்டணக் குறியீடும் இல்லை.
சாப்பாட்டு நேரத்தில் தட்டில் வளர்த்தேன்.
எட்டு நாள். ஒன்றும் முளைக்கவில்லை.
எங்களிடம் உள்ள கேள்விகள் எல்லாம்
வேறு நோய்களுக்கு வாங்கியவை.

போன் செய்து சொன்னேன்.
"சரிங்க. அது அன்னைக்கே போயிருச்சு.
நீங்க சாப்ட்டீங்களா?"

மிச்சத்தை எறியவில்லை.
புதுக் குளிர்பெட்டி வந்துவிட்டது.
மைனஸ் எண்பதில், பன்றிக் காய்ச்சல் பெட்டிகளுக்குப் பின்னால்
இடம் பண்ணி வைத்திருக்கிறேன்.
பெயர் எழுதும் இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.
அந்தக் குளிரில் பசை நிற்குமா, தெரியவில்லை.
திறக்கும்போதெல்லாம்
கையுறையோடு ஒருமுறை அழுத்திவிட்டு மூடுகிறேன்.