நாற்பத்தேழாவது வரி

கம்ப்ரசர் ராத்திரியில் தானாக நின்றுபோகிறதென்று
மூன்று தடவை போன் பண்ணிவிட்டார்
காசிமேடு ஐஸ் கம்பெனி சேவியர்.

டெல்லிபாபு எழுதிவைத்துவிட்டு
ஒரகடத்துக்கு வேலை மாறிப் போன புரோகிராம்.
நாற்பத்தேழாவது வரி
திரையின் வலது ஓரம் தாண்டி
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் மாதிரி
வெப்பம், அழுத்தம், கரண்ட், கதவு என்று
முட்டிக்கொண்டு நிற்கிறது.
தள்ளித் தள்ளிப் பார்த்தும்
கடைசி லாரி தெரியவில்லை.

மீன்கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
மடியில் லேப்டாப், முழங்கையில் ஈரம்.
நிபந்தனை முடிகிற இடமெல்லாம்
ஒரு என்டர்,
நான்கு இடம் உள்ளே.

ஏழாவது துண்டின் தலையில்
தனியாக மாட்டிக்கொண்டது ஓர் 'அல்லது',
கும்பலோடு வந்தவன்
ராயபுரம் ஸ்டேஷனில் டிக்கெட் இல்லாமல் விழிப்பதுபோல.
கதவு திறந்தாலே போதும், நிறுத்து
என்றிருக்கிறது இத்தனை நாளும்.
விடியற்காலை மூன்றுக்கு
லாஞ்சுக்கு ஐஸ் ஏற்றக் கதவு திறக்காமல்?

அடைப்புக்குறி இரண்டு போட்டேன்.
மடித்ததெல்லாம் சிப்புக்குத் தெரியாது.
அதற்கு அன்றும் இன்றும் ஒரே மூச்சு.

"அவ்ளோதானா?" என்றார் சேவியர்.
பில்லில் என்ன எழுத?
என்டர், ஒன்பது தடவை.