குட்லாடம்பட்டி, சனிக்கிழமை

வடபழஞ்சியிலிருந்து இரண்டு வேன்.
முப்பத்தொரு பேருக்கும் ஒரே நீலப் பனியன்,
முதுகில் 'ஒரே அணி'.
எனக்குக் கிடைத்தது டபுள் எக்ஸெல், முட்டியைத் தொட்டது.

அருவி என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது.
சித்திரை மாதம். பாறை மட்டும் இருந்தது,
தண்ணீர் விழுந்து விழுந்து கறுத்த தடத்தோடு.
"இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்" என்றார்
பெங்களூருவிலிருந்து வந்த பயிற்சியாளர்.
செய்துகொண்டோம்.
இன்கிரிமெண்ட் விஷயத்தில் பழகியதுதானே.

எங்கோ அமெரிக்காவில் யாருக்கோ அறுத்ததை
இரவெல்லாம் ஐந்து இலக்கமாக்குகிறவர்கள் நாங்கள்.
பித்தப்பை ஓர் எண். பிரசவம் ஓர் எண்.
ஆளைப் பார்த்ததில்லை.

முதலில் கயிறு இழுத்தோம்.
தேங்காய் நார்க் கயிறு, உள்ளங்கையில் சிலாம்பு ஏறியது.
சேவியர் சார் மட்டும் இழுக்கவில்லை.
முட்டிவலி என்று விசிலை வாங்கிக்கொண்டார்.
"டிசம்பர்ல ஒரு மாசம் கோவா சுத்துனப்ப
முட்டி வலிக்கலையாமா?"
என் காதோரம் பவளக்கொடி.
அந்த டிசம்பரில்தான்
தங்கை வளைகாப்புக்கு ஒரேயொரு நாள் கேட்டேன்.
நாற்பத்தாறு ஃபைல் நிலுவை என்று மறுத்துவிட்டு
மறுநாள் லீவில் போனார் அவர்.

மதியத்துக்குள் தண்ணீர் தீர்ந்தது.
கேன் வண்டி வாடிப்பட்டியில் பஞ்சர்.
அவரிடம் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று,
மேலே பேனாவால் கோடு கோடாக:
எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு.
"ஒரு வாய் சார்" என்றான் காஜா.
பார்த்தார். பாட்டிலைப் பைக்குள் வைத்து
ஜிப்பை இழுத்து மூடினார்.
பச்சைத் தண்ணிக்குக் கணக்குப் பாக்குறாருடா
என்றது கூட்டம், அவருக்குக் கேட்கிற அளவுக்கு.

கடைசியாக நம்பிக்கை விளையாட்டு.
பாறைமேல் ஏறி, எங்களுக்கு முதுகு காட்டி
கட்டை மாதிரி விழ வேண்டும்.
கீழே பத்துப் பேர், இரண்டு வரிசை, கை நீட்டி.
"விழுறேன்" என்றார்.
"விழுங்க சார்" என்றோம்.
அந்தக் குரலில் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

யோசிக்க ஒரு நிமிடம் கிடைத்திருந்தால்
என்ன செய்திருப்போமோ தெரியாது.
கை முந்திக்கொண்டது.

பனியன் மேலேறியிருந்தது.
இடது விலாவுக்குக் கீழே தொடங்கி
முதுகுப் பக்கம் சுற்றிப்போகிற தழும்பு,
இன்னும் ரோஸ் நிறம் மாறாமல்.
என் கை சரியாக அதன்மேல்.

எனக்கு அது வாசித்த வரி. நூறு தடவையாவது:
இடது சிறுநீரகம், திறந்த முறை, அகற்றம்.
நோய் என்று எடுத்தால் ஓர் எண்.
இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தால் வேறு எண்.
தழும்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

"பரவால்ல, பிடிச்சிட்டீங்களே" என்று
பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார்.
எல்லாரும் சிரித்தார்கள்.
பவளக்கொடி சிரிக்கவில்லை.
அவளும் கோடிங்தான்.

திரும்பும்போது சமயநல்லூர் தாண்டி
ஒரு படிவம் கைமாறி வந்தது.
'இன்று கற்றுக்கொண்ட மூன்று பாடங்கள்.'
கூட்டு முயற்சி என்று எழுதினேன்.
நம்பிக்கை என்று எழுதினேன்,
பக்கத்து சீட்டைப் பார்த்து.
மூன்றாவதை எழுதத் தொடங்கி
யாருக்கு என்ற இடத்தில் பேனா நின்றது.
தம்பிக்கா, மனைவிக்கா,
இல்லை யாருக்கும் இல்லையா.

வேலையில் இப்படி வந்தால் ஒரு வழக்கம் உண்டு:
ஆவணம் போதவில்லை, மருத்துவரைக் கேட்கவும்.
இங்கே யாரைக் கேட்பது?
முன் சீட்டில் அவர் ஆறு மணிக் கோடு வரைக்கும்
அளந்து குடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரியில் ஒரு கோடு போட்டுப்
படிவத்தைப் பின்னால் கொடுத்தேன்.
விளாங்குடியில் இறங்கும்போது கேட்டார்,
"திங்கக்கிழமைக்கு எத்தனை பெண்டிங்?"
முப்பத்தெட்டு என்றேன்.
ம் என்றார்.