வாளி, ஒன்று

கும்பிட வரவில்லை, அளக்க வந்தேன்.
தலவாக்கலையில் பஸ் மாறி
அக்கரப்பத்தனை ரோட்டில்
பதினான்காம் வளைவில் இறங்கச் சொன்னார்கள்.
எண்ணுவதில் தவறிப் பதினைந்தில் இறங்கினேன்.
தேயிலைக்குள் ஒரு பாதை மேலே போனது.
கோயில் இருக்கும் என்று நம்பி ஏறினேன்.
இருந்தது.

கருங்கல். சின்னது.
இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தை
ஞாபகத்திலிருந்து கட்டிக்கொண்டே வந்து
ஞாபகம் தீர்ந்த இடத்தில்
தகரம் போட்டிருக்கிறார்கள்.

சாவி பூங்காவனத்திடம்.
வாட்சராக இருந்த புருசன் கொழும்புக்குப் போனான்,
வேலை போகவில்லை, அவள் தலையில் இறங்கியது.
கொழுந்து நிறுத்துவிட்டு நாலரைக்கு வந்தாள்,
இடுப்புப் படங்கை அவிழ்க்காமலே பூட்டைத் திறந்தாள்.
"கதவத் தூக்கித் தள்ளுங்க சார். மழைக்கு ஊதியிருக்கு."

பதினாறு பெஞ்சு. ஆறு பேர் சபை.
மாதத்தில் ஒரு ஞாயிறு போதகர் வருவார்,
ரோடு இருந்தால்.
நாடாவின் நுனியைப் பிடித்து அவள் கதவடியில் நின்றாள்,
பீடத்துப் பக்கம் நான்தான் போகவேண்டும்.
செருப்பை அவள் வாசலில் விட்டிருந்தாள்.
நான் விடவில்லை என்பது
பாதி தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது.

நாலாவது பெஞ்சின் மேல் சொட்டு.
கீழே மாஜரீன் வாளி, மஞ்சள், ஒரு காது உடைந்தது.
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில்
ஓர் ஆள் தன் முழுப்பெயரைச் சொல்லி முடிக்கலாம்.

அலமாரியில் கணக்குப் புத்தகம்,
கரையான் பக்கம் பக்கமாக வாசித்து மீதி வைத்தது.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று:
நாலாவது பெஞ்சு, ஒழுகல்.
பத்துப் பக்கம் தள்ளி வேறொரு கை, அதே ஒழுகல்.
யுத்த வருசம் ஒன்றில் வேறு மை, அதே பெஞ்சு.
துரைமார் கப்பலேறினார்கள், ரூபாயின் முகம் மாறியது,
தோட்டம் அரசாங்கத்துக்குப் போய்க் கம்பெனிக்கு வந்தது.
ஒழுகல் இடம் பெயரவில்லை.

ஏன் யாரும் அடைக்கவில்லை என்றேன்.
வாளியைக் கால் பெருவிரலால்
அரை அங்குலம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்:
"இது எங்க விழும்னு எனக்குத் தெரியும் சார்.
அடைச்சா வேற எடம் பாக்கும்.
அப்புறம் ராவெல்லாம் நான் அதத் தேடணும்."

வெளியே கல்லறைகள், பன்னிரண்டு.
காய்ச்சல். காய்ச்சல். குதிரையிலிருந்து விழுந்து.
பதினோரு மாதக் குழந்தை ஒன்று.
ஹென்றி என்பவனின் கல்லில் மட்டும்
ஆங்கில எழுத்து 'என்' திரும்பி நிற்கிறது,
கண்ணாடிக்குள் இருந்து பார்ப்பது போல.
செதுக்கியவனுக்கு எழுத்து தெரியாது, கோடு தெரியும்.
தாளைப் பார்த்துப் பார்த்து வெட்டியவன்
சாய்வுக் கோட்டை மறுபக்கம் சாய்த்துவிட்டான்.
ஹென்றியின் மனைவி பார்த்திருப்பாள்.
முதல் ஞாயிறு கோபம் வந்திருக்கும்.
அப்புறம் எத்தனையோ ஞாயிறு.
ஒருநாள் கடிதம் எழுதும்போது
அவன் பெயரில் அவள் கையும்
அந்தப் பக்கமே சாய்ந்ததோ என்னவோ.

குனிந்து அந்த எழுத்தில் விரல் வைத்தேன்.
என்.
தமிழில் வாசித்தால்
என்னுடையது என்று தொடங்கி
எது என்று சொல்லாமல் நின்றுவிட்ட சொல்.

பூங்காவனம் வாளித் தண்ணீரை
மதிலோரம் தான் போட்டிருந்த லீக்ஸ் பாத்தியில் ஊற்றினாள்.
உள்ளே போய் வாளியை அதன் இடத்தில் வைத்தாள்.
பூட்டினாள்.
"அந்தக் கல்லும் எஸ்டிமேட்டுல வருதா?"
இல்லை என்றேன்.
"அப்ப சரி."

கடைசி பஸ்ஸில் முழங்காலில் தாளை வைத்து எழுதினேன்.
தகரம் இருபத்திரண்டு தாள். மரச்சட்டம் ஏழு. ஆணி. கூலி.
ஒவ்வொரு வளைவும் பேனாவைத் தள்ளிவிட்டது.
நாலாவது பெஞ்சுக்கு நேரே வந்ததும்
கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தேன்,
இருட்டில் என் முகம்தான் தெரிந்தது.
பிறகு எழுதினேன்:
வாளி, ஒன்று.
இரண்டு காதும் உள்ளது.