தொய்வு அட்டவணை

லைட் எப்ப வரும் என்று ஊரே என்னைக் கேட்கும்.
கொழும்புக் கடைக்காரர் வேறுமாதிரிக் கேட்கிறார்:
"ஹெவியா, மீடியமா, லைட்டா?"
மூன்றாவது தரம்.
பரந்தன் சந்திக்குத் தெற்கே, பதினோராவது தூணில்
இடுப்புப் பட்டியில் சாய்ந்தபடி
"பின்னேரம் எடுக்கிறன் ஐயா" என்கிறேன்.

மின்சார சபை எனக்குத் தந்த ஒரே புத்தகம்
தொய்வு அட்டவணை.
இத்தனை பாகை வெயிலுக்கு, தூணுக்குத் தூண் இத்தனை தூரத்துக்கு
கம்பி இத்தனை அங்குலம் தாழவேண்டும்.
கச்சான் வெயிலில் அழகு பார்த்து நேராக இழுத்தவன்
மார்கழி விடியலில்
சரிந்த தூணைத் தேடிப் போவான்.

டபிள் பேசுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை.
உறையில் ஒரு சொல், அவ்வளவுதான்.

அது பேர்ணிலிருந்து வந்தது.
தையல் மெசின்களுக்கும் சக்கர நாற்காலிகளுக்கும் நடுவில்,
சுங்கத் தாளில் "கிற்றார், மிகப் பெரியது."
முன்பலகையில், இடுப்புக்குக் கீழே,
பசை போட்டு மூடிய ஒரு சாண் வெடிப்பு.
எங்கள் கோவில் பாடகர் குழாமில்
அதன் கழுத்தை எட்டிப் பிடிக்கும் உயரம் எனக்குத்தான்.
வாசிக்கிறவன் ஆனது அப்படித்தான்.
மிச்சத்தை போன் பார்த்துப் பழகினேன்.

முதலில் ஹெவி போட்டேன்.
ஆசை. திருவையாற்றுக் கலியாண வீட்டில்
ஜெனரேற்றருக்கு மேலால் கேட்கவேண்டும்.
நாலு தந்தியும் சேர்ந்து இழுப்பது நூற்றிருபது கிலோ:
இரண்டு சீமெந்துப் பை,
மேலே ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று.
வில்லை வைத்தால்
தந்தி யோசித்துத்தான் பேசும்.
திங்கள் காலை குறட்டைப் பிடிக்க விரல் மடங்காது.

இரணைமடு வான்கதவு திறந்த கிழமை
மரம் ஊதிக் குதிரை எழும்பியது.
தந்திக்கும் விரற்பலகைக்கும் நடுவே
சுட்டுவிரல் போய் வரும்.
சனி இரவு, ஒருத்தரும் தொடாமல்,
"டக்."
பசை விட்டிருந்தது.

ஞாயிறு பூசைக்கு வேறு வழியில்லை,
நாலையும் ஒரு முழுச் சுரம் இறக்கினேன்.
இருபது கிலோவுக்கு மேல் கழன்றது.
"அப்ப நாங்களும் இறங்குவம்"
என்று யூஜினி மிஸ் ஓர்கனில் ஏதோ பொத்தானை அமத்தினா.
அமலதாசன் முகத்தைச் சுளித்தார்,
அவர் ஏறிநின்று காட்டும் உச்சி அன்றைக்கு இல்லை.
பின்வரிசையில் நாலு வருசமாக
வாயை மட்டும் அசைத்த மரியகொறற்றி,
ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவ,
முழுப்பாட்டும் பாடினா.
நான் திரும்பிப் பார்த்ததில்
இரண்டு அடி பிழைத்துவிட்டது.

லைட்டின் குறைகள் தெரியும்.
சத்தம் காணாது. தந்தி அகலமாக ஆடிப் பலகையில் அடிக்கும்.
ஈ தந்தி, தோய்த்துப் பிழியாத சாரம் மாதிரிக் கிடக்கும்.
இரவலாக ஒரு கிழமை போட்டுப் பார்த்தேன்.
எல்லாம் உண்மை.
ஆனால் வெடிப்புக்குப் பக்கத்தில், ஹெவிக்கு மரத்துக் கிடந்த இடத்தில்,
உள்ளங்கையை வைத்தால்
அதிர்ந்தது.

பின்னேரம் எடுத்தேன்.
"லைட் அனுப்புங்கோ. ஈ மட்டும் மீடியம்."
"பிரிச்சு விக்கிறேல்லைத் தம்பி. ரெண்டு செட்டும் எடுக்கோணும்."
இரண்டு மாத ஓவர்டைம்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு
சரி என்றேன்.

கழற்றிய ஹெவித் தந்தி ஒன்றை
செபமலர் குசினிக் கதவுக்குப் பின்னால்
இரண்டு ஆணிக்கு நடுவில் கொடியாகக் கட்டியிருக்கிறா.
எவ்வளவு இழுக்கலாம் என்று என்னைக் கேட்கவில்லை.
விடியப்புறம் வேலைக்கு வெளிக்கிடும்போது
முழங்கை படும்:
ஈரத் துவாய்க்கு ஒரு சுருதி,
காய்ந்ததற்கு இன்னொன்று.