தாழ்ப்பாள்

சவரியப்பன் திருப்புளியோடு வந்தார்.
எதற்கென்று கேட்கவில்லை.
உள்ளறைக் கதவின் தாழ்ப்பாளை
நாலு திருகில் கழற்றி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
"துருப்பிடிச்சுப் போச்சும்மா" என்றார்.
துரு எங்கும் இல்லை.

செல்லூரில் சுவர்கள் மெல்லியவை.
தறி நிற்கும் நேரத்தில்
ஒரு வீட்டு இருமல் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.
வட்டிக்காரன் வாசலில் கத்தியதை,
இவர் மூன்று நாளாய்ச் சோறு தொடாததை,
"நான் இல்லாட்டி ஒங்களுக்கு நிம்மதி" என்று
சுவரைப் பார்த்துச் சொன்னதை
தெரு கேட்டிருக்கிறது.
நான்தான்
காய்ச்சல் என்று சொல்லித் திரிந்தேன்.

பிறகு யாரும் பேசிவைக்காமல் ஒரு முறை வந்தது.
காலையில் மும்தாஜ் அக்கா சீனி கேட்டு வருவாள்.
வாங்கிய சீனியை மத்தியானம் திருப்பித் தர வருவாள்.
ஒச்சப்பன் அண்ணன் ராத்திரி ஷிப்ட் முடிந்து
எங்கள் வாசலில் பைக்கைத் துடைப்பார்.
துடைத்த பைக்கை மறுபடியும் துடைப்பார்.
வட்டிக்காரனிடம் யார் பேசினார்கள் என்று
இன்றுவரை தெரியாது.

நேராகக் கேட்டது ஜெயக்கொடி ஒருத்திதான்.
தம்பியிடம் கேட்காமல் விட்டவள் அவள்.
இவர் எதிரில் தரையில் உட்கார்ந்து,
வெங்காயம் என்ன விலை என்பதுபோல்:
"அண்ணே, செத்துப்போகணும்னு தோணுதா?"

என் கையில் இருந்த கரண்டி விழுந்தது.
கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று
நான் பொத்திவைத்திருந்த கேள்வி.
அது வந்து நாலு மாதமாம்.
கேட்கத்தான் ஆளில்லையாம்.
அழுதுகொண்டே சொன்னார்.
அன்று ரசஞ்சோறு ஒரு கை சாப்பிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசை.
முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.
முன்னால் திரும்பியது
மகளின் கணக்கு டீச்சர்.
"நான் ரெண்டு வருசமா வர்றேன்.
பதினோரு மணி ஆகும், உக்காருங்க" என்று
பையை எடுத்து இடம் விட்டார்.

டாக்டரம்மா இவரோடு அரைமணி நேரம் பேசினார்.
எழுதி முடித்துப் பேனாவை மூடியவர்
என் பக்கம் திரும்பினார்:
"நீங்க தூங்குறீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை.
நானும்.
பதில் சொல்ல வாய் திறந்தேன்,
அந்த மேசையில் தலை கவிழ்ந்துவிட்டது.

எனக்கும் ஒரு சீட்டு போட்டார்கள்.
செவ்வாய்க்கிழமைகளில்
ஒரே பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறோம்.

மாத்திரை அட்டை ஜெயக்கொடி வீட்டில் இருக்கிறது,
அன்றன்றைக்கு உள்ளது மட்டும் வரும்.
இவர் தறிக்குப் போகிற நாளும் உண்டு,
போர்வையை விட்டு எழாத நாளும் உண்டு.
எழாத நாளில் மும்தாஜ் அக்காவுக்கு
சீனி இரண்டு தடவை தீர்ந்துபோகும்.

நேற்று தலை வாரிக்கொண்டே கேட்டார்:
"அந்தத் தாழ்ப்பாள் எங்க?"
எனக்கு மூச்சு நின்றது.

"பிள்ள பெரியவளாகுறா.
அந்த ரூம்பு இனி அவளுக்குத்தான.
தாப்பாள் வேணும்ல."

சவரியப்பனைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.
இன்னும் கேட்கவில்லை.
அவர் சட்டைப் பையில்
அது இன்னும் கனக்கிறது,
தெருவில் போகும்போது பார்க்கிறேன்.