கம்பி நீட்டுகிறவர்கள்

பிராஸ் பசா பக்கம், எஸ்கலேட்டர் நின்றுபோன
கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் ஹாக் செங்கின் கடை.
பழைய ரெக்கார்டுகள், ஒரு மின்விசிறி, ஒரே நாற்காலி.
நாற்காலியிலும் ரெக்கார்டுகள்.
நின்றுகொண்டேதான் சண்டை போடுவோம்.

ஜாஸ்தான் படிப்பு, ப்ளூஸ் அதன் பாலர் பள்ளி என்பான்.
முப்பது வருஷமாய் விற்கிறாயே,
ஒன்றையாவது கேட்டிருக்கிறாயா என்பேன்.
விலையில் ஐந்து வெள்ளி ஏறும்.
பரவாயில்லை.

எனக்கு லிஃப்ட் வேலை.
வீவக புளோக்குகளில் எஃகுக் கம்பி வடங்களைத் தட்டிப் பார்த்து
எது தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவன்.
ஆகையால் கம்பி பற்றிப் பேச
எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

வேகமாக வாசிக்கிறவர்களைப் பிடிக்காது.
ஒரு மூச்சில் நூறு சுரம். கேட்டு முடித்தால்
ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குள் போய்
எதுவும் வாங்காமல் வெளியே வந்த மாதிரி இருக்கும்.
அவர்கள் கம்பி எண்ணுகிறார்கள்,
தண்டனை நமக்கு.

லெமுவல் கேட்ஸ் கம்பி நீட்டுகிறவர்.
சுரத்தைப் பிடித்து மேலே தள்ளி,
போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு மயிரிழை முன்னால் விட்டுவிட்டு
ஆள் காணாமல் போய்விடுவார்.
டிரம்ஸ்காரர், பாவம், அடுத்த நாலு சுற்றுக்கும்
அவரைத் தேடிக்கொண்டிருப்பார்.

இது கமகம்தானே என்றார் மச்சான் திருஞானம்.
இல்லை. கமகத்துக்கு வீடு தெரியும்.
ஊரெல்லாம் சுற்றினாலும் வீட்டுக்கு வந்துவிடும்.
இது வாடகை பாக்கியோடு ராத்திரியில் கிளம்புவது.
சொன்னேன்.
தோசையைப் பார்த்துச் சிரித்தார்.

ஜாஸில் எனக்குப் பிடித்தவர் பின்னால் உட்கார்ந்திருப்பவர்.
பியானோ பேசிக்கொண்டே போக
நாலு கம்பியில் 'ம்' கொட்டுகிற கிதார்.
உறையில் அவர் பெயர் பொடி எழுத்தில்,
அதிலும் பிழை.

விடிகாலை ஐந்துக்கு எங்கள் புளோக் குயில்
ஏற்றி ஏற்றி உச்சியில் அந்தரத்தில் விட்டுவிடும்.
நகர மன்றத்துக்கு மூன்று புகார் போயிருக்கிறது.
நான் கொடுக்கவில்லை.
எட்டு முறைக்குப் பதில் ஐந்தோடு
நிறுத்தியிருக்கலாம் என்று மட்டும் தோன்றும்.

அப்புறம், கழுவித் துடைத்து வெளியிடும் புதிய பதிப்புகள்.
கேட்ஸின் கிளப் ரெக்கார்டில், இரண்டாம் பக்கம்,
யாரோ கண்ணாடிக் கோப்பையைத் தவறவிடுகிறார்.
கேட்ஸ் ஒரு கணம் நிற்கிறார்.
உடைந்த ஓசையைத் தேடிப் போய்
மேல் கம்பியில் அதை ஒருமுறை தொடுகிறார்.
புதிய பதிப்பில் கோப்பை இல்லை.
கேள்வியைத் துடைத்துவிட்டுப்
பதிலை மட்டும் விற்கிறார்கள்.
அதையும் போனில் கேட்கிறவர்களோடு
எனக்குப் பேச்சில்லை,
போன மாதம்வரை.

ஈசூன். இரவு பதினொன்றரை.
பத்தாம் மாடிக்கும் பதினொன்றுக்கும் நடுவே நின்றுவிட்ட லிஃப்ட்.
உள்ளே உணவு கொண்டுவந்த பையன்.
'அபாங், சூப் ஆறிடும்' என்று ஒரு தரம் கத்திவிட்டு
அடங்கிவிட்டான்.
கூரைமேல் நான், பல்லிடுக்கில் டார்ச்.
கீழேயிருந்து கிதார் கசிந்தது.
போன் ஸ்பீக்கர். புதிய பதிப்பு. கேட்ஸ்.

தகரப் பெட்டிக்குள் தகரக் குரல்.
அந்த நீட்டல் வடங்களைப் பிடித்துக்கொண்டு
இருட்டில் மாடி மாடியாய் ஏறி,
மோட்டார் அறையில் முட்டிக்கொண்டு
என்மேலேயே திரும்பி விழுந்தது.
இப்படி நான் கேட்டதில்லை,
என் வீட்டில், என் நல்ல ஊசியில்.

அந்த இடம் வந்தது.
கேட்ஸ் நின்றார்.
ஸ்பேனரால் கூரையை ஒருமுறை தட்டினேன்,
சரியாக.
கேட்ஸ் பதில் சொன்னார்.

'அபாங், என்ன ஆச்சு?'
'ஒன்றுமில்லை. ஒன்று விட்டுப்போயிருந்தது.'

குறிப்பேட்டில் எழுதினேன்:
பழுது, கதவு சென்சார்.
நேரம், பதினெட்டு நிமிடம்.
பதினைந்தில் முடிந்திருக்கும்.